ரெண்டு பேரை விட்டுட்டு வாங்க

கரும்புக்கும் கால்பந்துக்கும் என்னய்யா சம்பந்தம்னு கேட்பீங்க. இருக்குதுங்க. போன தடவை மஞ்சள் ஏலத்தைப் பத்தி எழுதினதுக்கு நிறையப் பேர் பதில் போட்டிருந்தீங்க. அந்தக் கணக்கு வழக்கு இன்னும் முடியலை. அதனால இந்த வாரம் தோட்டத்தை விட்டுக் கொஞ்சம் வெளியே போய்ட்டு வரலாம்.

என் அக்கா பையன் கலிபோர்னியாவில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறான். பேச்சுவாக்கில் ஒருநாள், "மாமா, இங்க காலேஜ் புட்பால் பந்தயத்துக்கெல்லாம் பயிர் பேரைத்தான் வெச்சிருக்காங்க. ஆரஞ்சு பௌல், சுகர் பௌல், காட்டன் பௌல். உங்களுக்குத்தான் இது சரியா வரும்"னு சிரித்தான். கூடவே ஒரு ஆவணப்படத்தின் பேரையும் சொன்னான். 2014ல் வந்தது. 1951ஆம் வருஷத்துக் கல்லூரி அணி ஒன்றைப் பற்றியது. எங்களுக்கு மும்முனைக் கரண்ட் பாதி நாள் ராத்திரியில்தான் வரும். மோட்டார் ரூம் கட்டிலில் உட்கார்ந்து தவணை தவணையாக அதைப் பார்த்து முடித்தேன். பிறகு அதைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். படித்த வரையில் எனக்கு மனசில் நின்றதைச் சொல்கிறேன்.

முதலில் ஆட்டம் என்னவென்று சொல்லிவிடணும். நாம் காலால் உதைத்து ஆடுகிற கால்பந்து இல்லை அது. பந்து உரிக்காத தேங்காய் மாதிரி ரெண்டு முனையும் கூம்பியிருக்கும். அதைக் கையில் இடுக்கிக்கொண்டு எதிராளி எல்லைக்குள் ஓடணும், இல்லாவிட்டால் அங்கே நிற்கிற கூட்டாளிக்கு எறியணும். பக்கத்துக்கு 11 பேர். மைதானம் 100 கெஜம். நாலு முயற்சிக்குள் 10 கெஜமாவது முன்னேறாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். கபடி பார்த்து வளர்ந்தவர்களுக்குச் சட்டென்று பிடிபட்டுவிடும். பாடிப் போகிறவன் ஒருத்தன், அமுக்கிப் பிடிக்கிறவர்கள் பல பேர். ஒரே வித்தியாசம், இங்கே ஓடுகிறவனுக்கு முன்னால் அவன் ஆட்களே எதிராளியை முட்டித் தள்ளி வழி உண்டாக்கிக் கொடுப்பார்கள். அந்த வழி கிடைத்தால்தான் ஓட்டம். மறுநாள் பேப்பரில் ஓடினவன் பேர்தான் கொட்டை எழுத்தில் வரும். வழி விட்டவனைக் கூட ஆடினவர்களுக்குத்தான் தெரியும்.

செப்டம்பரில் ஆரம்பித்து நவம்பரோடு ஆட்டப் பருவம் முடியும். நன்றாக ஆடின அணிகளைப் பார்த்து, வருஷப் பிறப்பை ஒட்டி நடக்கும் பந்தயங்களுக்கு அழைப்பார்கள். அதுதான் அந்த பௌல். அதற்குள் போய்விட்டால் பேரும் வரும், கல்லூரிக்குக் காசும் வரும். மயாமியில் ஆரஞ்சு, நியூ ஆர்லியன்சில் சர்க்கரை, டல்லாசில் பருத்தி. அந்தந்தச் சீமையின் பயிரை வைத்துத்தான் பேர். பயிர் பேரைக் கேட்டதும் எனக்கு முதலில் தோன்றியது இதுதான்: அந்தக் கரும்பையும் பருத்தியையும் தலைமுறை தலைமுறையாக வெட்டினவர்களும் பறித்தவர்களும் யார்? அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட கறுப்பின மக்கள்.

இப்போது அணிக்கு வருகிறேன். சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகம். நம்ம திருச்சி செயின்ட் ஜோசப், சென்னை லயோலா மாதிரி இயேசு சபைப் பாதிரியார்கள் நடத்துகிற கல்லூரி. சின்னது. அணிக்குப் பேர் டான்ஸ். ஆடுகிற டான்ஸ் இல்லீங்க, 'டான்' என்கிற ஸ்பானியப் பெரிய மனுஷனின் பன்மை. பயிற்சியாளர் ஜோ குஹாரிச், கறார் ஆள். பருவம் ஆரம்பிக்கும் முன்னால் பையன்களைக் கார்னிங் என்கிற ஊருக்குக் கூட்டிப்போய்ப் பழக்கினார். கார்னிங் ஆலிவ் விளைகிற ஊர். கடற்காற்று வாங்கிக்கொண்டு குளிரில் இருந்த பிள்ளைகளைக் கொண்டுபோய் வெயிலில் வாட்டி எடுத்திருக்கிறார். நாற்றைப் பிடுங்கி நடுகிற மாதிரிதான். வாடி நின்று வேர் பிடித்ததுதான் தேறும்.

அணியில் இருந்தவர்களில் ஒருத்தர் ஜீனோ மார்கெட்டி. இத்தாலியில் இருந்து பிழைக்க வந்த குடும்பத்துப் பிள்ளை. இரண்டாம் உலகப் போரில் ஐரோப்பாப் பனியில் சண்டை போட்டுத் திரும்பி வந்து, அதற்குப் பிறகு கல்லூரியில் சேர்ந்தவர். இன்னொருத்தர் பாப் செயின்ட் கிளேர், ஆறே முக்கால் அடி உயரம். பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர் ஆலி மாட்சன். டெக்சாசில் பிறந்து சின்ன வயசில் சான் பிரான்சிஸ்கோ வந்தவர். எதிரணியை மடக்கிப் பிடிப்பதில் பேர் வாங்கினவர் பர்ல் டோலர். பருத்திச் சந்தைக்குப் பேர் போன மெம்பிஸ் நகரத்துக்காரர். மாட்சனும் டோலரும் அதே ஊரில் இருந்த இன்னொரு கல்லூரியில் ஒன்றாக ஆடிவிட்டு இங்கே வந்தவர்கள். அணியில் கறுப்பினத்தவர் இவர்கள் ரெண்டு பேர்தான்.

1951 பருவத்தில் டான்ஸ் அணி 9 ஆட்டம் ஆடி 9லும் ஜெயித்தது. முதல் ஆட்டத்திலேயே சான் ஹோசே அணியை 39க்கு 2 என்று மடக்கினார்கள். நெருக்கடியான ஆட்டம் என்றால் நியூயார்க் போய் ஃபோர்டம் அணியோடு ஆடினதுதான், 32க்கு 26. அன்றைக்கு எதிரணி உதைத்து அனுப்பிய பந்தைப் பிடித்து மைதானத்தின் இந்தக் கோடியில் இருந்து அந்தக் கோடி வரைக்கும் மாட்சன் ஓடியிருக்கிறார். ஒரு தரம் இல்லை, ரெண்டு தரம். பருவம் முடிகிறபோது அவர் ஓடிச் சேர்த்தது 1,566 கெஜம். அந்த வருஷம் அமெரிக்காவில் எந்தக் கல்லூரி ஆட்டக்காரரும் அவ்வளவு ஓடவில்லை.

அதே பருவத்தில், அக்டோபர் 20 அன்றைக்கு, ஓக்லஹோமாவில் வேறு ஒரு ஆட்டம் நடந்தது. டிரேக் பல்கலைக்கழகத்தின் ஜானி பிரைட் என்கிற கறுப்பின ஆட்டக்காரரை, பந்து அவர் கையிலேயே இல்லாத நேரத்தில் எதிரணிக்காரர் தாடையில் அடித்து எலும்பை உடைத்தார். அதை வரிசையாகப் படம் எடுத்த பத்திரிகைக்காரர்கள் ரெண்டு பேருக்கு அடுத்த வருஷம் புலிட்சர் பரிசு கிடைத்தது. காலம் எப்படி இருந்தது என்று தெரிவதற்காக இதைச் சொல்கிறேன். தெற்கு மாநிலங்களின் அணிகள் கறுப்பினத்தவரோடு ஆடமாட்டார்கள். வடக்கே இருந்து ஆடப் போகிற கல்லூரிகளும் பல தடவை தங்கள் கறுப்பின ஆட்டக்காரர்களை ஊரிலேயே விட்டுவிட்டுப் போயிருக்கின்றன. அதற்கு அவர்கள் வைத்திருந்த பேர் 'கனவான்கள் ஒப்பந்தம்'. காகிதம் இல்லை, கையெழுத்து இல்லை. காகிதத்தில் இல்லாத ஒப்பந்தத்தை எதிர்த்து எங்கே போய் மனுக் கொடுப்பது? டல்லாஸ் மட்டும் 1948லேயே பென் ஸ்டேட் அணியின் கறுப்பின ஆட்டக்காரர்கள் ரெண்டு பேரைப் பருத்திப் பந்தயத்தில் ஆடவிட்டது. மற்ற இடங்கள் அசையவில்லை.

எட்டாவது ஆட்டத்தில் பசிபிக் கல்லூரியை 47க்கு 14 என்று ஜெயித்ததும் டான்ஸ் பையன்களுக்கு ஆசை வந்துவிட்டது. ஆரஞ்சு பௌல் கிடைத்துவிடும் என்று பேச்சு. கல்லூரிக்கும் அந்தக் காசு தேவைப்பட்டது. கால்பந்துக் கணக்கில் வரவை விடச் செலவு அதிகம். ஊரிலேயே தொழில்முறை அணியான ஃபார்ட்டிநைனர்ஸ், இவர்கள் ஆடுகிற அதே கெசார் மைதானத்தில் ஆடிக்கொண்டிருந்தது. டிக்கெட் வாங்குகிற ஜனம் அந்தப் பக்கம் போய்விட்டது. அக்கம்பக்கத்தில் இருந்த செயின்ட் மேரிஸ் கல்லூரி அதற்கு முன்பே கால்பந்தை மூட்டை கட்டிவிட்டது. பெரிய கம்பெனி ஊருக்குள் வந்ததும் சின்னச் சின்னப் பண்ணை ஒவ்வொன்றாகக் கதவைச் சாத்துகிற கதைதான்.

அப்போதுதான் சேதி வந்தது. வாங்க, ஆனால் அந்த ரெண்டு பேரை விட்டுட்டு வாங்க.

அணியில் இருந்தவர்கள் வயசான பிறகு பல இடத்தில் இதைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். எல்லாரும் சொல்வது ஒன்றுதான். கையைத் தூக்கச் சொல்லி ஓட்டு எடுக்கவில்லை, உட்கார்ந்து விவாதிக்கவில்லை. முடியாது என்றார்கள், அவ்வளவுதான். கடைசி ஆட்டத்தில் லயோலாவை 20க்கு 2 என்று ஜெயித்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். செய்தி நிறுவனம் போட்ட தரவரிசையில் 14ஆம் இடம் கொடுத்தார்கள். பந்தயம் எதுவும் இல்லை. பருவம் முடிந்த கையோடு கல்லூரி கால்பந்தையே நிறுத்திவிட்டது.

பந்தயத்துக்குப் போயிருந்தால் அணி பிழைத்திருக்கும் என்று ஒரே அடியாகச் சொல்லமாட்டேன். அன்றைக்கு அவர்களிடம் தோற்ற லயோலாவும் அதே வருஷத்தோடு நிறுத்தியது. சான்டா கிளாரா அடுத்த வருஷம் நிறுத்தியது. வெள்ளாமையில் நட்டம் வருகிறவனுக்கு ஒரு போகம் நல்ல விலை கிடைத்துவிட்டால் கடன் எல்லாம் தீர்ந்துவிடுமா? தீராது. ஆனால் அடுத்த போகத்துக்கு விதை வாங்கலாம். அந்த விதைக் காசைத்தான் அவர்கள் வேண்டாம் என்றார்கள். செயின்ட் கிளேருக்குப் படிப்பு இன்னும் ஒரு வருஷம் பாக்கி இருந்தது. ஆட அணி இல்லாமல், ஓக்லஹோமாவில் டல்சா பல்கலைக்கழகத்துக்குப் போய்க் கடைசிப் பருவத்தை ஆடினார். சொன்ன வார்த்தைக்கு விலை இருந்தது, கொடுத்தார்கள்.

இந்தக் கதையை எல்லாரும் வெள்ளைக்காரப் பிள்ளைகளின் பெருந்தன்மை என்று சொல்லி முடிக்கிறார்கள். கிராமத்தில் இருக்கிறவனுக்கு வேறொன்று கண்ணில் படுகிறது.

எங்கள் பக்கத்தில் நோம்பி சாட்டினால் கபடிப் போட்டி இருக்கும். நோட்டீசில் 'அனைத்து ஊர் அணிகளும் வருக' என்றுதான் அச்சடித்திருக்கும். எந்தத் தெருப் பையன் வரலாம், எவன் வரக்கூடாது என்பது நோட்டீசில் இருக்காது. போனில் வரும். சில இடத்தில் போனில் கூட வராது, சாப்பாட்டுப் பந்தியில்தான் தெரியும். ஒன்று கவனித்திருக்கிறேன். யாரும் யாரையும் வராதே என்று முகத்துக்கு நேராகச் சொல்வதில்லை. சொல்லவேண்டிய அவசியமே வருவதில்லை. அந்தப் பையன்களே முந்திக்கொள்வார்கள். "எனக்கு நாளைக்குத் தறி ஷிப்ட் இருக்குதுங்கண்ணா, நீங்க போய்ட்டு வாங்க." "ஆத்தாளுக்கு மேலுக்கு முடியலைங்க, நான் வரலை." ஆத்தாள் நல்லாத்தான் இருப்பாள். அடுத்தவனுக்குச் சங்கடம் வரக்கூடாது என்று ஒதுக்கப்படுகிறவனே ஒரு பொய்யைத் தேடிக்கொண்டு வந்து நிற்பான். மற்றவர்கள், "அடடா, இவன் வரலையாமே" என்று சொல்லிவிட்டு வேனில் ஏறுவார்கள். யார் மேலும் பழி இல்லை. ஊரும் நல்ல ஊர், போட்டியும் நல்ல போட்டி.

அதனால்தான் டான்ஸ் கதையில் அந்த 'முடியாது' யார் வாயில் இருந்து வந்தது என்பது எனக்குப் பெரிசாகத் தெரிகிறது. மாட்சனும் டோலரும் "நீங்க போங்கப்பா, எங்களால உங்க வாய்ப்புக் கெட வேண்டாம்" என்று சொல்லி ஒதுங்கிக்கொள்கிற நிலைமை அங்கே வரவில்லை. வழி விட்டுப் பழகின முன்வரிசைக்காரர்கள் அந்த இடத்திலும் முன்னால் போய் நின்றுவிட்டார்கள்.

போன தை மாதம் எங்கள் ஊர்ப் பசங்களுக்கும் ஒரு போன் வந்தது. பக்கத்து ஊர் நோம்பி, முதல் பரிசு 15,000 ரூபாய். "நல்லா ஆடுறீங்கன்னு கேள்விப்பட்டோம், வாங்க. அந்த ரெண்டு பேர் மட்டும் வேண்டாம், எங்க ஊர்ல பெரியவங்க ஒரு மாதிரி." ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் களத்தில் நின்ற எல்லார் காதிலும் விழுந்தது. அந்த ரெண்டு பேரில் ஒருத்தன் கெண்டைக்காலைப் பிடித்தான் என்றால் உடும்புப் பிடி. இன்னொருத்தன் பாடிப் போனால் வெறும் கையோடு திரும்பமாட்டான். அவன் வாயைத் திறக்கப் போனான். என்ன சொல்லப் போகிறான் என்று எனக்குத் தெரியும், தறி ஷிப்ட். அதற்குள் போனைப் பிடித்திருந்தவன், "எங்க டீம்ல எல்லாரும் வருவோங்க, இல்லாட்டி யாரும் வரலைங்க" என்று சொல்லிக் கட் பண்ணிவிட்டான். பண்ணிவிட்டு, "டேய், லைட் போகறதுக்குள்ள இன்னொரு ஆட்டம் போடலாம் வாங்கடா" என்றான். ஆடினார்கள்.

இதோடு கதை முடிந்துவிட்டால் நன்றாகத்தான் இருக்கும். முடியவில்லை. அதற்குப் பிறகு சுற்றுவட்டாரத்தில் இன்னும் ரெண்டு ஊர்ப் போட்டிக்கு எங்கள் பசங்களுக்கு அழைப்பு வரவில்லை. "வெளையாட்டுப் பசங்களுக்கு எதுக்குய்யா இந்த வம்பு"னு டீக்கடையில் பேச்சு வருகிறது. அப்படிப் பேசுகிறவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. என் சோட்டாளிகள்தான். அவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: வம்பு போன் பண்ணினவனோடது. இவங்க அதை வாங்கிக்கலை, அவ்வளவுதான். ஆடிப் பதினெட்டுக்கு நம்ம ஊரிலேயே ஒரு போட்டி வைக்கலாமா என்று பசங்க கேட்கிறார்கள். செலவுக் கணக்கு போட்டுக்கொண்டிருக்கிறோம். பந்தி ஒரே பந்தி என்பதை மட்டும் நோட்டீசிலேயே அச்சடிக்கணும் என்று அவர்கள் பிடிவாதமாக இருக்கிறார்கள். அதற்கு ஊரில் எத்தனை பேர் கையெழுத்துப் போடுவார்கள் என்று பார்க்கணும்.

டான்ஸ் அணிக்கு அப்புறம் என்ன ஆச்சு என்று கேட்பீங்க. மாட்சன் 1952ல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 400 மீட்டர் ஓட்டத்தில் வெண்கலமும், தொடர் ஓட்டத்தில் வெள்ளியும் வாங்கினார். நம்ம கே.டி. ஜாதவ் மல்யுத்தத்தில் வெண்கலம் வாங்கினாரே, அதே ஒலிம்பிக். பிறகு தொழில்முறைக் கால்பந்தில் பெரிய பேர் எடுத்தார். 1959ல் லாஸ் ஏஞ்சல்ஸ் அணி அவர் ஒருத்தருக்காக 9 பேரைக் கொடுத்து வாங்கியது. அந்த வியாபாரத்தை முடித்தவர் பீட் ரோசெல். 1951ல் இதே டான்ஸ் அணிக்குப் பத்திரிகைச் செய்தி எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்த இளைஞர். அடுத்த வருஷமே, 33 வயசில், தேசியக் கால்பந்துச் சங்கமான என்எஃப்எல்லுக்கே தலைவர் ஆகிவிட்டார். மாட்சன், மார்கெட்டி, செயின்ட் கிளேர், ரோசெல், நாலு பேரும் தொழில்முறைக் கால்பந்தின் புகழ் மண்டபத்தில் இடம் பிடித்தார்கள். பந்தயத்துக்கு அழைக்கப்படாத ஒரு சின்னக் கல்லூரியின் ஒரே வருஷத்து ஆட்கள்.

டோலருக்கு வேறு மாதிரி. 1952ல் ஒரு காட்சி ஆட்டத்தில் முழங்கால் போய்விட்டது. தொழில்முறையில் ஒரு ஆட்டம் கூட ஆட முடியவில்லை. வாத்தியார் வேலைக்குப் போனார். சான் பிரான்சிஸ்கோவில் ஒரு நடுநிலைப் பள்ளிக்குத் தலைமை ஆசிரியர் ஆனார். 1965ல் ரோசெல் தலைவராக இருந்தபோது என்எஃப்எல்லின் முதல் கறுப்பின நடுவர் ஆனார். தெற்கே ஆடக்கூடாது என்று ஒதுக்கப்பட்ட மனுஷன், 25 பருவம் எல்லா ஊர் அணிக்கும் விசில் ஊதித் தீர்ப்புச் சொன்னார்.

சுகர் பௌலில் முதல் கறுப்பின ஆட்டக்காரர் கால் வைத்தது 1956 ஜனவரியில், பிட்ஸ்பர்க் அணியின் பாபி கிரியர். அதற்கே ஜார்ஜியா ஆளுநர் குதித்தார். அதே வருஷம் லூசியானா மாநிலம் ரெண்டு இனத்தவரும் சேர்ந்து ஆடக்கூடாது என்று சட்டமே போட்டது. பிறகு நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. காகிதத்தில் இல்லாதது காகிதத்துக்கு வந்தபோதுதான் உடைக்க முடிந்தது என்றும் இதைப் பார்க்கலாம்.

2006ல் அந்த அணியில் உயிரோடு இருந்தவர்களுக்கு அவர்கள் கல்லூரி கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. அந்தக் கல்லூரியில் மாணவர் விடுதி ஒன்று இருக்கிறது. ஜேம்ஸ் ஃபெலன் என்கிற பழைய செனட்டர் பேரில் இருந்தது. கலிபோர்னியாவை வெள்ளையர் பூமியாகவே வைத்திருக்கணும் என்று சொல்லி ஓட்டுக் கேட்டவர். மாணவர்கள் கேள்வி கேட்டதில் 2017ல் அந்தப் பேரை எடுத்துவிட்டு பர்ல் டோலர் பேரை வைத்தார்கள். டோலர் அதைப் பார்க்க இல்லை, 2009லேயே போய்விட்டார்.

அந்த வருஷத்து ஆரஞ்சு பௌலில் யார்தான் ஆடினார்கள் என்றும் தேடிப் பார்த்தேன். ஜார்ஜியா டெக் அணி பேலர் அணியை 17க்கு 14 என்று ஜெயித்திருக்கிறது. தேடினால்தான் கிடைக்கிறது.

ஆடிப் போட்டி முடிவானால் இங்கேயே தேதி போடுகிறேன். வருகிறவர்கள் பகல் சாப்பாட்டுக்கே வந்துவிடுங்க.